பட்டியலில் மிஞ்சிய பெயர்

ஃப்ரீடா குந்தர் நடத்திவைத்த கல்யாணங்களில் முப்பதுக்கும் மேலானவற்றுக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மணமக்கள் பெரும்பாலும் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது சட்டம். கூட யாரையும் அழைத்துக்கொள்ளாமல் வந்து நிற்கிறவர்கள் உண்டு. அப்போது எதிர்வீட்டுக்காரியான எனக்குப் போன் வரும்.

"மார்லீன், அடுப்புல ஏதாவது இருக்கா? இல்லேன்னா பூட்ஸ மாட்டிக்கிட்டு வா."

போவேன். அவர் வீட்டு ஹாலில், பழைய ஆர்கனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் நாலடி இடத்தில் இரண்டு பேர் கை கோத்து நிற்பார்கள். ஃப்ரீடா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளில் இருப்பதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் வாசிப்பார். நான் கையெழுத்துப் போட்டு, காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

எங்கள் ஊர் ஷோன்தால். கனடாவில், சாஸ்கடூன் நகரத்திலிருந்து வடக்கே காரில் ஐம்பது நிமிஷம். தானியக் கிடங்கு, கோ-ஆப் கடை, ஜெர்மன் வழிவந்த மெனோனைட் கிறிஸ்தவர்களின் சபை. கடையில் நான் இருபத்திரண்டு வருஷம் நின்றேன். சபையில் ஃப்ரீடாவின் வரிசைக்குப் பின்வரிசையில் உட்காருவேன்.

ஒன்பது பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவர் ஃப்ரீடா. டீச்சராக ஆசைப்பட்டார். எட்டாம் வகுப்போடு பால் கறக்க நிறுத்திவிட்டார்கள். கார்னியைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பையன்களைப் பெற்று, அவர்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஊர் ஆபீசில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். எண்பத்தொன்பதில், எங்கள் பக்கத்துக் கல்யாணங்களைப் பதிவுசெய்துகொண்டிருந்த பெரியவர் மகளோடு இருக்க ஆல்பெர்ட்டா போய்விட்டார். கல்யாணப் படிவங்கள் எல்லாம் ஃப்ரீடாவின் மேசை இழுப்பறையில்தான் கிடந்தன. அதனால் அந்தப் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. கல்யாண கமிஷனர் என்று பெயர். சபை வேண்டாம் என்கிறவர்களுக்கும், சபையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டவர்களுக்கும் அரசாங்கத்தின் சார்பில் கல்யாணம் நடத்திவைப்பது.

"ஞாயித்துக்கிழமை முடியாதுன்னு மட்டும் சொல்லிடு. மத்தபடி உன் இஷ்டம்," என்றார் கார்னி.

அந்த நாளில் விவாகரத்தானவர்களுக்கு எங்கள் சபையில் மறுமணம் செய்துவைக்க மாட்டார்கள். அவர்கள்தான் ஃப்ரீடாவிடம் வந்தார்கள். எங்கள் சபையின் டீக்கன் ஜேக் டெர்க்சனின் மகள் லூயிஸ்கூட அந்த ஹாலில்தான் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டாள். ஜேக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். பிறகு கேக் சாப்பிட்டார். நான் அங்கே இருந்தேன், பார்த்தேன்.

இரண்டாயிரத்து நாலு நவம்பரில் எங்கள் மாகாணத்துக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாம். கமிஷனர்கள் எல்லாருக்கும் கடிதம் வந்தது: இனி யார் வந்தாலும் நடத்திவைக்க வேண்டும், மனம் ஒப்பாதவர்கள் பொறுப்பைத் திருப்பித் தந்துவிடலாம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் எட்டு கமிஷனர்கள். ஏழு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஃப்ரீடா எழுதவில்லை.

இதைப் பற்றிப் பிற்பாடு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். துணிச்சல் என்றார்கள் சிலர். பிசாசு புகுந்துவிட்டது என்றார்கள் சிலர். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த வாரம் கார்னிக்கு இடுப்பு ஆபரேஷன். பன்றி அறுத்த இறைச்சி பாதி சாசேஜாகி, பாதி பாத்திரத்தில் கிடந்தது. அடித்தளத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருந்தது. கடிதம் ரொட்டிப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

"எழுதணும்னுதான் இருந்தேன். அப்புறம் மறந்தே போச்சு," என்றார் என்னிடம்.

ஜனவரியில் போன் வந்தது. இரண்டு ஆண்கள். வெஸ் என்பவர் பொட்டாஷ் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர், டார்சி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊர். கையிலிருந்த பட்டியலில் ஏழு பேருக்குப் போன் செய்து முடித்துவிட்டு எட்டாவதாக ஃப்ரீடாவுக்குச் செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலே பழையது. ஃப்ரீடா ரிசீவரைப் பிடித்தபடி ரொட்டிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாராம். மறுமுனையில் அந்த ஆள், "பரவால்லம்மா, புரியுது," என்று வைக்கப்போயிருக்கிறார்.

"எத்தன மணிக்கு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டார் ஃப்ரீடா.

சனிக்கிழமை வந்தார்கள். வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. சாட்சிக்கு நானும், கோ-ஆப்பில் என்னோடு வேலை பார்த்த பெண்ணும் நின்றோம். கார்னி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கேதான் புல்வெட்டும் மிஷின் ரிப்பேர் செய்வார். ஜனவரியில் யார் புல் வெட்டுகிறார்கள்? ஃப்ரீடா வாசிக்க ஆரம்பித்த நேரம் பார்த்து அவர் ஒரு என்ஜினைக் கிளப்பினார். ஃப்ரீடா தாளைக் கீழே வைத்து, சமையலறை ஜன்னலைப் பலமாகத் தட்டினார். சத்தம் நின்றது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

வெஸ்ஸுக்கு வயது ஐம்பது இருக்கும். மோதிரத்தை இரண்டு தடவை கீழே தவறவிட்டார். ஃப்ரீடா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவசரமில்ல. எல்லாருக்கும் விழும்," என்றார்.

அவர்கள் போனபிறகு பாத்திரம் துலக்கும்போது கேட்டேன். "ஃப்ரீடா, இது சரின்னு நெனைக்கிறீங்களா?"

"தெரியல."

"தெரியாமயா செஞ்சீங்க?"

"ஏழு பேருக்குப் போன் பண்ணியிருக்காங்க மார்லீன். அதுல ஒருத்தன் பேச்ச முடிக்க விடாம வெச்சிட்டானாம். எட்டாவது ஆளா நானும் வைக்கணுமா? எனக்கு வரல. அவ்வளவுதான்."

மூன்றாவது வாரம் டீக்கன் ஜேக் இன்னொரு மூப்பரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். அங்கே நடந்த பேச்சை ஃப்ரீடா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அவர் கூட்டிச் சொல்கிறவர் இல்லை.

"சிஸ்டர் ஃப்ரீடா, உங்களக் குத்தம் சொல்றதுக்கு யாரும் வரல," என்று ஆரம்பித்திருக்கிறார் ஜேக்.

"அப்புறம் எதுக்கு ரெண்டு பேரா வந்திருக்கீங்க?"

"சபையில மனவருத்தம் இருக்கு. வேதம் இதுல தெளிவா இருக்கு."

"உங்க லூயிஸ் இதே எடத்துலதான் ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டா. அன்னிக்கும் வேதம் தெளிவாத்தான் இருந்துச்சு. நீங்க ரெண்டு துண்டு கேக் சாப்பிட்டீங்க."

"அது வேற, சிஸ்டர்."

"ஆமா. அது உங்க பொண்ணு."

ஜேக்கின் முகம் சிவந்துவிட்டதாம். கெட்டவர் இல்லை ஜேக். என் அப்பா செத்த வருஷம் எங்கள் கோதுமையை அவர்தான் அறுத்துக் கொடுத்தார். எழுந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "சண்டே ஸ்கூல் வகுப்ப கொஞ்ச நாளைக்கு வேற யாராவது பாத்துக்கட்டும்," என்றார்.

டீச்சராக முடியாத ஃப்ரீடா பத்தொன்பது வருஷமாக நடத்திவந்த வகுப்பு அது. எட்டு வயதுப் பிள்ளைகள். துணிப்பலகையில் ஒட்டவைக்கும் பொம்மைகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஜேக்கின் மனைவியிடம் கொடுத்தார். "நோவா பேழைக்கு ஒரு ஆடு கொறையும். அது நான் தொலைக்கல, என் கைக்கு வரும்போதே இல்ல."

யாரும் அவரைத் திட்டவில்லை. சபையை விட்டு நீக்கவும் இல்லை. எங்கள் ஆட்கள் சத்தம் போட மாட்டார்கள். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் எல்லாரும் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவோம். ஃப்ரீடாவின் உருளைக்கிழங்கு சாலட் எப்போதும் முதலில் காலியாகும். அந்த மாதம் அது அப்படியே இருந்தது. கரண்டி போட்ட தடம்கூட இல்லை. வரிசையில் ஒவ்வொருவராக அதைத் தாண்டிப் போனார்கள். நானும் போனேன். சில வாரம் முன்னால் அவர் ஹாலில் நின்று கையெழுத்துப் போட்டவள்தான் நான். என் முன்னால் போன ஆறு பேரும் எடுக்கவில்லை, என் கையும் போகவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். ஃப்ரீடா ஒரு டப்பாவில் அந்த சாலட்டைப் போட்டு என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நின்றபடியே தின்றேன்.

அதற்கப்புறம் அவர் மாதக் கடைசியில் கடையில் வாங்கிய ஊறுகாய் பாட்டிலை மட்டும் கொண்டுவந்து வைத்தார்.

பட்டியலில் அவர் பெயர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதனால் எங்கெங்கிருந்தோ கூப்பிட்டார்கள். முதல் மூன்று வருஷம் மாதம் இரண்டு மூன்று பயணம். வடக்கே காட்டோரம் ஒரு ஏரிக்கரை, மேற்கே ஒரு பசுமாட்டுப் பண்ணை, ஒரு தடவை மூடிப்போன கர்லிங் விளையாட்டு அரங்கம். அறுபத்தைந்து வயதில், முட்டி வலியோடு, பனியில் அவர்தான் ஓட்டிப் போவார். கார்னி ஒருநாளும் கூடப் போனதில்லை. ஆனால் குளிர்நாளில் அவர் கிளம்புகிற அன்று விடியுமுன்பே எழுந்து கார் என்ஜினுக்குச் சூடேற்றும் வயரைச் சொருகிவைப்பார், பெட்ரோல் பார்ப்பார், பின்சீட்டில் கம்பளியும் மண்வெட்டியும் வைப்பார்.

ஒருமுறை கேட்டே விட்டேன். "தப்புன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு கார்னி இதெல்லாம்?"

"தப்புதான். அதுக்காக வழியில வண்டி நின்னு அவ வெறச்சுப் போகணுமா?" என்றார்.

ஊர் ஒருவிதமாகக் களைப்பைத் தந்தது என்றால், வந்தவர்கள் இன்னொரு விதமாகத் தந்தார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள். பூ அனுப்புவார்கள். ஒரு பெண் இவரை வீராங்கனை என்று சொல்லி எல்லார் முன்னாலும் கையைத் தூக்கிப் பிடித்தாளாம். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குக் கூச்சமா இருக்கு மார்லீன். நான் என்ன பண்ணிட்டேன்? பேப்பர்ல இருக்கறத வாசிச்சேன். அவங்க என்னப் பாக்கற மாதிரி நான் இல்ல. ஊர்ல இருக்கறவங்க பாக்கற மாதிரியும் இல்ல. ரெண்டு பக்கமும் யாரோ ஒருத்தியப் பாத்துட்டிருக்காங்க."

பத்திரிகையிலிருந்து ஒரு பையன் வந்தான். நான் பக்கத்தில் பன் சுட்டுக்கொண்டிருந்தேன்.

"மேடம், நீங்க இந்தக் கல்யாணங்கள ஆதரிக்கிறீங்களா?"

"நடத்திவைக்கிறேன்."

"அதான் கேக்கறேன், ஆதரிக்கிறீங்களா?"

"காபி ஆறுது. குடிங்க."

அவரைப் பற்றி ஒரு வரியும் அச்சாகவில்லை.

விட்டுவிடலாம் என்று பலமுறை சொன்னார். ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதத்துக்கு யாராவது நாள் குறித்திருப்பார்கள். அவர்கள் கல்யாணம் முடியட்டும் என்பார். அதற்குள் இன்னொரு போன். வருஷங்கள் இப்படியே போயின. நகரத்தில் புதிய கமிஷனர்கள் வந்தார்கள், கூப்பிடுவது குறைந்தது. ஃப்ரீடா எழுபதைத் தாண்டினார்.

ஊரும் மெல்ல மாறிக்கொண்டுதான் இருந்தது. எந்த நாளில் மாறியது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. யாரோ ஒருவரின் பேரன், இன்னொருவரின் தங்கை மகள், டிவியில் ஒரு முகம். முன்பெல்லாம் பேச்சை நிறுத்திவிடுகிற இடத்தில் இப்போது தோளைக் குலுக்கினார்கள். இரண்டாயிரத்துப் பதினாறில் சபைக்கு வின்னிப்பெக்கிலிருந்து பாஸ்டர் ஜோயல் வந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல பையன், கொஞ்சம் அதிகமாகப் புன்னகைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சபையைக் கூட்டி இந்த விஷயத்தை வாக்குக்கு விட்டார்கள். இப்படிப்பட்ட தம்பதிகளைச் சபையில் சேர்த்துக்கொள்ளலாம், கல்யாணமும் செய்துவைக்கலாம் என்று முடிவானது. மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் எழுந்து போனார்கள். அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கூட ஜிம்மில் தனியாக ஆராதனை நடத்த ஆரம்பித்தார்கள்.

போனவர்களில் கார்னியும் ஒருவர்.

ஐம்பத்து நாலு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்த ஞாயிறு முதல், ஒரே காரில் கிளம்பி, கார்னி முதலில் ஃப்ரீடாவைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, அப்புறம் ஜிம்முக்குப் போனார். முடிந்ததும் வந்து ஏற்றிக்கொள்வார். ஜிம்மில் பிரசங்கம் நீளம். ஃப்ரீடா வாசலில் காத்து நிற்பார். நான் கூட்டிப்போகிறேன் என்றாலும் வர மாட்டார். "அவன் வந்து நான் இல்லேன்னா தேடுவான்," என்பார். வீட்டுக்குப் போய் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். இரண்டு பிரசங்கத்தைப் பற்றியும் பேசமாட்டார்களாம்.

பாஸ்டர் ஜோயலுக்கு ஃப்ரீடாவின் கதை காதுக்கு எட்டியிருந்தது. ஆராதனை முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு உங்கள மேடைக்குக் கூப்பிட்டு கௌரவிக்கலாம்னு இருக்கோம், ஃப்ரீடா. எங்களுக்கெல்லாம் முன்னாடியே நீங்க அந்த எடத்துல நின்னவங்க."

ஃப்ரீடா கையை விடுவித்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷம் யாரும் என் கூட நிக்கல தம்பி. இப்ப எல்லாருமா நின்னு கை தட்டினா எனக்கு எங்க பாக்கறதுன்னு தெரியாது. வேண்டாம்."

"அப்ப சபை உங்களுக்கு என்ன செய்யலாம்?"

"என் வகுப்பக் குடுங்க."

பாஸ்டரின் முகம் வாடிப்போனது. அந்த வயதில் சபையில் அப்போது இரண்டே பிள்ளைகள்தான் இருந்தார்கள். அவர்களும் கோடையில் கால்கரிக்குக் குடிபெயரப் போகிறார்கள். ஃப்ரீடா அவர் தோளைத் தட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார், கார்னியின் கார் வருகிறதா என்று பார்க்க.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மார்ச் செவ்வாய்க்கிழமை டீனா கீஸ்பிரெக்ட் வந்தார். நான் முட்டை கொடுக்கப் போயிருந்தேன், போகிறேன் என்றதற்கு டீனாவே, "இரு மார்லீன், உன்கிட்டயும் சொல்லணும்," என்றார்.

டீனாவும் ஹில்டா வோத்தும் ஊர்க் கோடியில் பச்சை ஓட்டு வீட்டில் முப்பத்தெட்டு வருஷமாகச் சேர்ந்து இருந்தவர்கள். இருவரும் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். "டீச்சரம்மாக்கள்" என்றுதான் ஊர் சொல்லும். வேறு ஒரு வார்த்தை எல்லார் மனதிலும் இருந்திருக்கலாம். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவார்கள், ஃப்ரீடாவுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார்கள்.

டீனா கையுறையைக் கழற்றி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "ஃப்ரீடா, ஒரு கல்யாணம் நடத்தணும்."

"யாருக்கு?"

"எனக்கும் ஹில்டாவுக்கும்."

ஃப்ரீடா குழாயை மூடினார். திரும்பவில்லை.

டீனா வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். ஹில்டாவின் நடுக்கநோய் முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் தங்கும் அறை ஒன்று காலியாகிறது. "கல்யாணமானவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம். சிநேகிதிங்கன்னா தனித்தனி ரூம், அவளுக்கு ஒரு மாடி எனக்கு ஒரு மாடி. இத்தன வருஷமா எல்லா ஃபாரத்துலயும் நாங்களேதான தனியாள்னு எழுதி வெச்சோம்? இப்ப இல்லேன்னா யாரு நம்புவா? பேப்பர் கொண்டாங்கன்றாங்க. கொண்டாட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்களுக்கு ரூம் வேணும்."

"பதிமூணு வருஷம்," என்றார் ஃப்ரீடா சுவரைப் பார்த்து. "எனக்கு முன்னாடி உக்காந்திருந்தீங்க, ரெண்டு பேரும். உங்க முதுக எனக்கு மனப்பாடமாத் தெரியும். மத்தவங்க எடுக்காதது எனக்குப் பெருசா வலிக்கல டீனா. நீங்களும் என் சாலட்ட எடுக்கல."

"எடுக்கல."

"ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருக்கலாம்."

"நாங்க உன்னத் திரும்பிப் பாத்தா, அவங்க எங்களப் பாப்பாங்க." டீனா கையுறைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உன்ன வகுப்புலேருந்து எடுத்தாங்க. நீ வீட்டுக்கு வந்தா கார்னி இருந்தான், பிள்ளைங்க இருந்தாங்க. எங்களுக்கு என்ன இருந்துச்சு? அந்த வீட்டுல வெளக்கு எரியறப்ப திரைய இழுத்து விட்டுட்டுத்தான் ஹில்டா என் பக்கத்துல உக்காருவா. முப்பத்தெட்டு வருஷமா. உன் பக்கத்துல வந்து நின்னிருந்தா, ஏன் நிக்கறாங்கன்னு ஒரே ஒருத்தர் கேட்டிருந்தாப் போதும்."

நான் முட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாலட்டைப் பற்றி ஃப்ரீடா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றியது.

ஃப்ரீடா வந்து எதிரில் உட்கார்ந்தார். "எனக்குக் கோவமா இருக்கு."

"இருக்கும். இருக்கணும்."

"கோவப்படக்கூட அசதியா இருக்கு டீனா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு காலண்டரை எட்டி எடுத்தார். "லைசென்ஸ் வாங்கிட்டீங்களா? வெள்ளிக்கிழமை பதினொரு மணி சரியா வருமா?"

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வேனில் ஹில்டாவைச் சக்கர நாற்காலியோடு கொண்டுவந்தார்கள். பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. கூட வந்த உதவியாளர் ரோசலிண்டா பிலிப்பைன்ஸ்காரி, நல்ல கத்தோலிக்கப் பெண். நான் ஒரு சாட்சி. இன்னொருவராக வருவதாகச் சொன்னவளுக்குக் காய்ச்சல். ஃப்ரீடா கொட்டகைக் கதவைத் திறந்து, "கார்னி, ஒரு கையெழுத்து வேணும்," என்றார்.

"வேண்டாம் ஃப்ரீடா. என்னக் கேக்காத."

இரண்டாம் தடவை கேட்கவில்லை. உள்ளே வந்து ரோசலிண்டாவைப் பார்த்தார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போடறேன். ஆனா என் பேரு ரொம்ப நீளம், அந்தக் கோட்டுக்குள்ள எடம் பத்தாது," என்றாள். ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும்.

ஹில்டாவின் குரல் ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அது சட்டம். ஃப்ரீடா முட்டி வலியோடு குனிந்து, தன் காதை ஹில்டாவின் வாயருகே வைத்தார். நேரம் பிடித்தது. "கேட்டுச்சு," என்றார் நிமிர்ந்து. மோதிரம் இருக்கிறதா என்று கேட்டதற்கு டீனா, "அவ வெரலெல்லாம் வீங்கிக் கெடக்கு, இப்ப எதுக்கு," என்றார். கைக்குட்டையால் ஹில்டாவின் வாயைத் துடைத்துவிட்டார். அத்தோடு கல்யாணம் முடிந்தது.

காபி ஊற்றும்போது பின்கதவு திறந்தது. கார்னி கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்து ஹில்டாவின் பக்கத்தில் போட்டார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை, வாழ்த்தவும் இல்லை.

"உங்கப்பா ஒரு சிவப்பு டிராக்டர் வெச்சிருந்தாரே, ஞாபகம் இருக்கா? மழையில கெளம்பவே கெளம்பாது. அவரு அத ஜெர்மன்ல திட்டுவாரு, அது இங்கிலீஷ் டிராக்டர், அதுக்குப் புரியாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு."

ஹில்டாவின் தோள் மறுபடி குலுங்கியது. கார்னி பேசிக்கொண்டே ஒரு பன்னைச் சின்னச் சின்னதாகப் பிட்டு அவர் தட்டில் வைத்தார். இருபது நிமிஷம் இருந்துவிட்டு, "சேறு வேன் சக்கரத்தப் பிடிச்சிடும், பலகை போடறேன்," என்று எழுந்து போனார்.

அவர்களுக்கு அறை கிடைத்தது. அந்த ஏப்ரலில் ஃப்ரீடா பொறுப்பைத் திருப்பித் தந்தார். யாரும் விழா எடுக்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஹில்டா ஆகஸ்டில் இறந்துபோனார். அடக்க ஆராதனை எங்கள் சபையில்தான். பாஸ்டர் ஜோயல் குறிப்பை வாசிக்கும்போது "இவருடைய மனைவி டீனா" என்றார். யாரோ இருமினார்கள். நாலைந்து பேர் கீழே பார்த்துக்கொண்டார்கள். எண்பத்தாறு வயது ஜேக் டெர்க்சன், ஜிம்மில் ஆராதிக்கிறவர், ஊன்றுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் முழு நேரமும் உட்கார்ந்திருந்தார்.

டீனாவை ஒற்றையறைக்கு மாற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை மதியம் ஃப்ரீடாவை அங்கே கூட்டிப்போவது இப்போது என் வேலை. கார்னிக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டதால் கார் ஓட்ட முடியாது. ஞாயிறன்றும் நான்தான், முதலில் கார்னியை ஜிம்மில் இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் சபைக்குப் போகிறோம். டீனாவின் அறையில் ஒரு வட்டப் பலகை இருக்கிறது, மரக்காயை விரலால் சுண்டி நடுக்குழியில் விழவைக்கிற ஆட்டம். நானும் உட்காருவேன். பழையது எதையும் பேசுவதில்லை. மன்னித்துவிட்டீர்களா என்று காரில் ஒருமுறை ஃப்ரீடாவிடம் கேட்டேன். ஜன்னல் வழியாக வயலையே பார்த்துக்கொண்டு வந்தவர், "ஓட்டறதப் பாத்து ஓட்டு," என்றார்.

போன வாரம் டீனா கோட்டைத் தாண்டிக் கையை வைத்துச் சுண்டினார்.

"ஆட்டம் செல்லாது. கை உள்ள வந்துடுச்சு," என்றார் ஃப்ரீடா.

"வரல."

"வந்துச்சு. மார்லீன், நீ பாத்தல்ல?"

நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்றுதான் சொன்னேன். டீனா முணுமுணுத்துக்கொண்டே காயை எடுத்து மறுபடி கோட்டில் வைத்தார்.